ஒரு விண்ணப்ப எண்ணோடு வாருங்கள்: அறிவுசார் சொத்துரிமையில் ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்கு

பிஎச்.டி. சேர்க்கை முடிந்த கையோடு என் அறைக்கு வரும் மாணவர்களிடம் நான் தலைப்பைக் கேட்பதில்லை. "ஏதாவது ஒரு காப்புரிமை விண்ணப்ப எண் சொல்லுங்க" என்பேன். திருதிருவென்று விழிப்பார்கள். கையிலிருக்கும் சினாப்சிஸில் 'இந்தியாவில் அறிவுசார் சொத்துரிமையும் புத்தாக்கமும்: ஓர் ஆய்வு' என்று தடித்த எழுத்தில் இருக்கும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வராது. நானும் அதே தலைப்போடுதான் வந்தேன். இரண்டரை வருடம் போயிற்று. படித்த கட்டுரைகளின் சுருக்கமாக நானூறு பக்கம் சேர்ந்தது. அதில் நானே கண்டுபிடித்த விஷயம் ஒன்றுகூட இல்லை. அந்த இரண்டரை வருடம் இன்னொருவருக்கும் போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் முதலில் படித்தது பி.ஃபார்ம். மாத்திரை கம்பெனி ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் சட்டம் படிக்க வந்தவள். அதனால் கீழே சொல்வதில் மருந்து வாடை தூக்கலாக இருக்கும். உங்கள் துறை விதையாக இருக்கலாம், மென்பொருளாக இருக்கலாம், பட்டுச் சேலையாக இருக்கலாம். செய்யும் முறை பெரிதாக மாறாது.

கேள்வியைச் சுருக்குங்கள்

'காப்புரிமை புத்தாக்கத்தை வளர்க்கிறதா?' என்ற கேள்விக்கு ஒரு தீசிஸில் பதில் சொல்ல முடியாது. முதலில் புத்தாக்கம் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? நம் நாட்டு 1970 காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும் உண்டு என்றது. அதற்கு அடித்தளம் போட்டது நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959இல் கொடுத்த அறிக்கை. இந்தியக் காப்புரிமைகளில் பெரும்பகுதி வெளிநாட்டார் கையில் இருந்ததையும், அவற்றில் பல இங்கே உற்பத்திக்கே வராமல் கிடந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். அந்தச் சட்டத்துக்குப் பிறகு நம் வேதியியலாளர்கள் ஒரே மூலக்கூறுக்கு வேறு வேறு வழிகளில் போய்ச் சேரக் கற்றுக்கொண்டார்கள். புதிய மூலக்கூறு மட்டும்தான் புத்தாக்கம் என்று வைத்துக்கொண்டால் அந்த முப்பத்தைந்து வருடத்தில் இங்கே ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று எழுதிவிடுவீர்கள். மலிவான, சுத்தமான புதிய வழியும் புத்தாக்கம்தான் என்றால் அதே காலம் பொற்காலமாகத் தெரியும். தரவு ஒன்றுதான். நீங்கள் வைத்த வரையறை முடிவை மாற்றிவிடுகிறது. அந்த வரையறையை முதல் அத்தியாயத்திலேயே ஒளிவுமறைவில்லாமல் எழுதுங்கள்.

என் மாணவர்களுக்கு நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: கேள்விக்குள் ஒரு சட்டப்பிரிவு, ஒரு பொருள், ஒரு காலம், ஓர் இடம் இருக்க வேண்டும். 'சென்னை காப்புரிமை அலுவலகம் 2005 முதல் 2010 வரை பிரிவு 3(டி)-யைச் சொல்லி நிராகரித்த மருந்து விண்ணப்பங்களில், அந்தப் பிரிவு இல்லாவிட்டாலும் வேறு காரணத்தால் விழுந்திருக்கக்கூடியவை எத்தனை?' (தெரிந்த பொருளின் புதிய வடிவம் செயல்திறனைக் கூட்டாவிட்டால் அதற்குக் காப்புரிமை இல்லை என்பதுதான் 3(டி).) இதற்கு உட்கார்ந்து எண்ணினால் பதில் கிடைக்கும். கிடைக்கிற பதில் ஒரு பெரிய வாதத்தின் ஏதோ ஒரு காலைத் தொடும். அது போதும்.

சொல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தமிழில் எழுதினாலும் சரி, தமிழில் நேர்காணல் எடுத்தாலும் சரி, 'காப்புரிமை' என்ற சொல் உங்களைக் கவிழ்க்கும். பத்திரிகைகள் பாட்டின் உரிமையையும் காப்புரிமை என்கின்றன, மாத்திரையின் உரிமையையும் காப்புரிமை என்கின்றன. பேட்டன்ட் என்றால் காப்புரிமை, காப்பிரைட் என்றால் பதிப்புரிமை, ஜி.ஐ. என்றால் புவிசார் குறியீடு என்று முதல் பக்கத்திலேயே பிரித்துவிட்டு, கடைசி வரை மாற்றாதீர்கள். நேர்காணலில் எதிரில் இருப்பவர் 'பேட்டன்ட் வாங்கியிருக்கோம்' என்றால் உடனே குறித்துக்கொள்ளாமல், 'சான்றிதழைப் பார்க்கலாமா?' என்று கேளுங்கள். பாதி நேரம் அது வணிகக்குறிப் பதிவாகத்தான் இருக்கும்.

கோப்பைப் படிப்பது

இங்கேதான் கொஞ்சம் உட்காரப் போகிறேன். ஆய்வு நடக்கிற இடமே இதுதான். எல்லோருக்கும் தெரிந்த ஒரு கோப்பையே எடுத்துக்கொள்வோம்: 1602/எம்.ஏ.எஸ்./1998. நோவார்டிஸ் நிறுவனம் இமாடினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்குக் கேட்ட காப்புரிமை. ரத்தப் புற்றுநோயின் ஒரு வகைக்கான மருந்து. உலகம் இதைக் கிளிவெக் என்று அறியும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், காப்புரிமை கிடையாது என்று 2013 ஏப்ரல் 1 அன்று முடிந்தது. வரும் மாணவர்கள் எல்லோரும் அந்தத் தீர்ப்பைப் படித்திருப்பார்கள். விண்ணப்பத்தைப் பார்த்தவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள்.

முதலில் எண்ணைப் பாருங்கள். எம்.ஏ.எஸ். என்றால் மெட்ராஸ். இந்த விண்ணப்பம் பிறந்தது நம் சென்னை அலுவலகத்தில், 1998 ஜூலை 17 அன்று. இப்போதைய எண்கள் பன்னிரண்டு இலக்கம்: முதல் நான்கு ஆண்டு, ஐந்தாவது அலுவலகம், 1 டெல்லி, 2 மும்பை, 3 கொல்கத்தா, 4 சென்னை, ஆறாவது விண்ணப்பத்தின் வகை, 1 என்றால் சாதாரண விண்ணப்பம், 7 என்றால் சர்வதேச ஒப்பந்த வழியாக நாட்டுக்குள் வந்தது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் ஆயிரம் எண் உள்ள எக்செல் தாளை அரை மணியில் அலுவலக வாரியாகப் பிரித்துவிடலாம்.

அடுத்து தேதிகள். ஒரு ஏ4 தாளைப் படுக்கைவாக்கில் வைத்து ஒரு கோடு போடுங்கள். நான் இன்றும் கணினியில் செய்வதில்லை, பென்சிலில்தான். முன்னுரிமைத் தேதி, அதாவது இதே கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த நாள், 1997 ஜூலை 18, ஸ்விட்சர்லாந்து. சென்னைத் தாக்கல், 1998. அந்த நாளில் இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமையே இல்லை. உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தப்படி 2005க்குள் கொடுத்தாக வேண்டும் என்பதால், இப்படி வந்த விண்ணப்பங்களை எல்லாம் 'மெயில்பாக்ஸ்' என்ற பெயரில் வாங்கி வைத்தார்கள். 2003 நவம்பரில் இதே மருந்துக்குத் தனி விற்பனை உரிமை கொடுக்கப்பட்டது. 2005 ஜனவரி 1 முதல் புதிய சட்டம். அதன் பிறகே ஆய்வும் எதிர்ப்பும். 2006 ஜனவரி 25, நிராகரிப்பு. 2007 ஆகஸ்ட் 6, பிரிவு 3(டி) அரசியல் சாசனத்துக்கு விரோதமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம். 2009 ஜூன் 26, அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம். 2013, உச்ச நீதிமன்றம்.

இந்தக் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு போடுங்கள். அதில் சட்டம் மட்டும்: 1970, 1999 திருத்தம், 2002 திருத்தம், 2005 திருத்தம். எந்தத் தேதியில் எந்தச் சட்டம் உயிரோடு இருந்தது என்று நேருக்கு நேர் தெரிய வேண்டும். என் வைவாவில் நான் மாட்டியது இதில்தான். 2005க்கு முந்திய ஓர் உத்தரவைப் பேசும் இடத்தில், இன்றைய 3(டி)-யின் வாசகத்தை எடுத்துப் போட்டிருந்தேன். வெளித்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது எந்த வருஷத்து 3(டி), அம்மா?" என்று மட்டும் கேட்டார். பழைய வாசகத்தில் 'தெரிந்த பொருளின் புதிய வடிவம்' என்ற சொற்களும் இல்லை, 'செயல்திறன்' என்ற சொல்லும் இல்லை. அந்த அத்தியாயம் முழுவதையும் திருப்பி எழுதினேன். அன்றிலிருந்து, மேற்கோள் காட்டும் ஒவ்வொரு பிரிவுக்குப் பக்கத்திலும் 'எந்தத் தேதி நிலவரப்படி' என்று எழுதாத ஓர் அத்தியாயத்தையும் நான் வாங்குவதில்லை.

அப்புறம் கிளெய்ம். விண்ணப்பத்தில் பின்னணி, விளக்கம், எடுத்துக்காட்டு என்று நிறைய பக்கங்கள் இருக்கும். உரிமை கேட்கப்படுவது கடைசியில் எண் போட்டு வரும் அந்தச் சில வாக்கியங்களில் மட்டும்தான். முதல் கிளெய்மைக் கையால் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு கமாவிலும் நிறுத்தி, இந்தச் சொல் இல்லையென்றால் வேலி எவ்வளவு அகலமாகும் என்று கேளுங்கள். இங்கே வேலி போட்டிருப்பது இமாடினிபுக்கு அல்ல, அதன் மெசிலேட் உப்புக்கும் அல்ல; அந்த உப்பின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு. 'புற்றுநோய் மருந்துக்குக் காப்புரிமை மறுக்கப்பட்டது' என்று எழுதும் கட்டுரைகள் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகின்றன.

விளக்கத்தைப் படிக்கும்போது, 'இது முன்பிருந்ததைவிட மேல்' என்று எங்கெல்லாம் சொல்கிறார்கள் என்று அடிக்கோடு போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கேள்வி எழுதுங்கள்: எதைவிட? பீட்டா படிகத்துக்குச் சொல்லப்பட்ட நன்மைகள்: பொடி நன்றாக ஒழுகும், வெப்ப இயக்கவியல் நிலைப்புத்தன்மை அதிகம், ஈரத்தைக் குறைவாக இழுக்கும். ஆய்வகத்தில் இருந்த எனக்கு இவற்றின் அருமை தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் இழுத்த பொடி மாத்திரை இயந்திரத்தின் ஹாப்பரில் கட்டிதட்டி நின்றுவிடும். ஒரு மாத்திரை கனமாகவும் அடுத்தது லேசாகவும் விழும். அந்த பேட்ச் முழுவதையும் ஒதுக்கி வைப்போம். ஆகவே இவை வெற்று வார்த்தைகள் இல்லை. ஆனால் உச்ச நீதிமன்றம் கேட்டது வேறு. தயாரிப்புக்கும் சேமிப்புக்கும் நல்லது, சரி; நோயாளியிடம் மருந்து கூடுதலாக என்ன வேலை செய்கிறது? மருந்தைப் பொறுத்தவரை செயல்திறன் என்றால் சிகிச்சைத் திறன் என்று சொன்னது அந்தத் தீர்ப்பு. உடல் உறிஞ்சிக்கொள்ளும் அளவு 30 சதவீதம் கூடுகிறது என்றும் ஒரு வாதம் இருந்தது. அங்கேயும் 'எதைவிட?' என்று கேட்டுப் பாருங்கள். ஒப்பிட்டது உப்பு சேராத இமாடினிபோடு. ஏற்கெனவே தெரிந்திருந்த இமாடினிப் மெசிலேட்டோடு ஒப்பிட்ட கணக்கு இல்லை. அந்த ஒரே கேள்வியில் பாதி வழக்கு அவிழ்ந்துவிடுகிறது.

இனி, மாணவர்கள் வழக்கமாகத் தவறவிடும் படி: அதே நிறுவனம் வேறு நாட்டில், வேறு அலுவலகத்தில் என்ன சொன்னது? இமாடினிபுக்கு ஜிம்மர்மன் காப்புரிமை என்று ஒன்று அமெரிக்காவில் முன்பே, 1996இல் கொடுக்கப்பட்டிருந்தது. மெசிலேட் உப்பு அதற்குள் அடங்கவில்லை, அது தனிக் கண்டுபிடிப்பு என்பது இங்கே வைக்கப்பட்ட வாதம். ஆனால் அமெரிக்காவில் கிளிவெக் மருந்துக்கு அதே ஜிம்மர்மன் காப்புரிமையைக் காட்டித்தான் கால நீட்டிப்பு வாங்கப்பட்டிருந்தது. பிரிட்டனில் நாட்கோ நிறுவனத்தின் மருந்தை நிறுத்தச் சொல்லி அனுப்பிய நோட்டீஸும் அதே காப்புரிமையின் பேரில்தான். உச்ச நீதிமன்றம் இந்த ஆவணங்களைப் பக்கத்தில் வைத்துப் படித்தது. நீங்களும் அப்படிப் படியுங்கள். அமெரிக்க, ஐரோப்பிய அலுவலகங்களின் கோப்புகள் காசில்லாமல் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரே குடும்பத்து விண்ணப்பங்களை, அதாவது ஒரே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் போட்டவற்றை, நான்கு ஜன்னலில் திறந்து வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால், தீர்ப்பில் வராத சங்கதிகளும் கண்ணில் படும்.

இந்தியக் கோப்புகளுக்கு இன்பாஸ் தளம். விண்ணப்ப எண்ணைப் போட்டு ஆவணங்கள் என்ற பொத்தானை அழுத்தினால் முதல் ஆய்வறிக்கை, அதற்குப் பதில், விசாரணைக் குறிப்பு, கடைசி உத்தரவு எல்லாம் வரிசையாக வரும். எஃப்.இ.ஆர். என்று எல்லோரும் சொல்லும் முதல் ஆய்வறிக்கைதான் எனக்குப் பிடித்த ஆவணம். தேர்வாளர் எந்த முன்னறிவை (ஏற்கெனவே வெளியாகியிருந்த ஆதாரத்தை) காட்டினார், விண்ணப்பதாரர் பதிலில் எந்தக் கிளெய்மைச் சுருக்கினார் என்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு காப்புரிமை எப்படி இளைத்து வெளியே வருகிறது என்பது தெரியும். பழைய கோப்புகள் எல்லாம் முழுமையாக ஏற்றப்பட்டிருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். எழுதிக் கேட்டு, கட்டணம் கட்டி, கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள அலுவலகத்தில் நேரில் பார்க்கலாம். திறந்த ஒவ்வொரு பிடிஎஃப்-ஐயும் அன்றே இறக்கி, விண்ணப்ப எண், ஆவண வகை, தேதி என்ற வரிசையில் பெயர் வைத்துச் சேமியுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தளம் படுத்துவிடும். அத்தியாயம் கொடுக்க வேண்டிய வாரத்தில்தான் அது நடக்கும்.

எதிர்ப்பு மனுக்களை விடாதீர்கள். காப்புரிமை கொடுப்பதற்கு முன் யார் வேண்டுமானாலும் பிரிவு 25(1)-இன்படி எதிர்க்கலாம். இந்தக் கோப்பில் எதிர்த்தவர்கள் ஐந்து பேர். நான்கு பேர் மருந்து நிறுவனங்கள்: நாட்கோ, சிப்லா, ரான்பாக்ஸி, ஹெட்டெரோ. ஐந்தாவது, கேன்சர் பேஷன்ட்ஸ் எய்ட் அசோசியேஷன் என்ற நோயாளிகள் உதவி அமைப்பு. நோயாளிகள் பக்கமிருந்து ஒரு மனு காப்புரிமை அலுவலகத்துக்குள் போக முடிகிறது என்பதே, உலக அளவில் எடுத்துப் பேச வேண்டிய ஒரு சட்ட வசதி. அதைப் பற்றி மட்டுமே ஒரு தீசிஸ் எழுதலாம்.

எண்ணுகிறவர்களுக்கு

காப்புரிமைகளை எண்ணிப் புத்தாக்கத்தை அளக்கப் போகிறீர்களா? சில குழிகள் இருக்கின்றன. விண்ணப்பம் சாதாரணமாகப் பதினெட்டு மாதம் கழித்துத்தான் வெளியிடப்படும். ஆகவே இன்றைக்கு எண்ணினால் கடைசி ஒன்றரை வருடம் எப்போதும் சரிவாகத்தான் தெரியும். அதைப் பார்த்து 'புத்தாக்கம் குறைந்துவருகிறது' என்று எழுதிவிடாதீர்கள். விண்ணப்பித்தது, வெளியிடப்பட்டது, வழங்கப்பட்டது, வேலை செய்வது என்ற நான்கும் நான்கு எண்கள். கல்லூரிகளின் விண்ணப்பங்கள் ஏறியிருப்பதைப் பார்த்தால், 2021இல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணம் 80 சதவீதம் குறைக்கப்பட்டதையும், தேசியத் தரவரிசைக்கு வெளியான காப்புரிமையும் கணக்கில் வருவதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எஃப்.இ.ஆர்.-க்குப் பதிலே கொடுக்காமல் கைவிடப்பட்டவை எத்தனை என்ற கணக்கையும் சேருங்கள். அந்தக் கணக்கு இல்லாத வரைபடத்தை நான் நம்ப மாட்டேன்.

'வேலை செய்வது' என்றால் என்ன என்பதற்குப் படிவம் 27 இருக்கிறது. காப்புரிமை வைத்திருப்பவர் அதை இந்தியாவில் பயன்படுத்துகிறாரா, எவ்வளவு என்று அரசுக்குச் சொல்ல வேண்டிய படிவம். முன்பு ஆண்டுக்கு ஒருமுறை. 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு மூன்று நிதியாண்டுகளுக்கு ஒருமுறை. ஆய்வாளர் ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு மறைந்த பேராசிரியர் ஷம்னத் பஷீரை நான் எப்போதும் சொல்வேன். அவர் இந்தப் படிவங்களைத் தேடிச் சேகரித்தார்; பல தாக்கலே ஆகவில்லை, தாக்கலானதில் பல அரைகுறை என்று கண்டார். கட்டுரை எழுதியதோடு நிற்காமல் 2015இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். இன்னொரு பக்கம், 2012 மார்ச்சில் நாட்கோவுக்கு இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் (காப்புரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் மருந்தைத் தயாரிக்க அரசு தரும் அனுமதி) கிடைத்த வழக்கில், காப்புரிமையாளரான பேயர் தாக்கல் செய்திருந்த படிவம் 27-உம் சான்றுகளில் ஒன்று. சிறுநீரகம், கல்லீரல் புற்றுநோய்க்கான அந்த மருந்தின் ஒரு மாத விலை அப்போது 2,80,428 ரூபாய். நாட்கோ சொன்ன விலை 8,800 ரூபாய். யாரும் திறந்து பார்க்காத ஒரு படிவத்துக்கு இவ்வளவு கனம் உண்டு.

கிடைக்காத தகவலுக்கு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்கள். பத்து ரூபாய், முப்பது நாள். 'ஏன்' என்று கேட்காதீர்கள்; 'இன்ன தேதியிட்ட இன்ன ஆவணத்தின் நகல்' என்று கேளுங்கள். வணிக ரகசியம் என்று பிரிவு 8(1)(டி)-யைக் காட்டி மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். அந்த மறுப்புக் கடிதமும் தரவுதான், பத்திரமாக வையுங்கள்.

தறி முன்னால்

எல்லா ஆய்வும் கோப்போடு முடியாது. நாட்டிலுள்ள புவிசார் குறியீடு அத்தனைக்கும் ஒரே பதிவகம், அதுவும் கிண்டியிலேயே இருக்கிறது. 1999இல் வந்து 2003 செப்டம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த சட்டம். காஞ்சிபுரம் பட்டு அதன் தொடக்க ஆண்டுகளிலேயே பதிவானது. விண்ணப்பம், பொருளின் வரையறை, அங்கீகரிக்கப்பட்ட பயனர் பட்டியல் எல்லாம் பதிவகத் தளத்தில் இருக்கின்றன. அதைப் படித்துவிட்டு அங்கேயே நின்றுவிடக் கூடாது.

என் மாணவி ஒருத்தியோடு காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் கேள்வித்தாளை எடுத்து முதல் கேள்வியாக "ஐயா, உங்க மாத வருமானம் எவ்வளவு?" என்றாள். அவர் முகம் மூடிக்கொண்டது. நான் தாளை வாங்கிக் கீழே வைத்துவிட்டுத் தறியைக் காட்டச் சொன்னேன். கோர்வைச் சேலை ஓடிக்கொண்டிருந்தது: உடலுக்கு ஒரு நாடா (குறுக்கு நூலை ஓட்டும் கட்டை), இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. அவர் குழியில் உட்கார்ந்து உடல் நாடாவை விட, எதிர்ப்பக்கக் கரை நாடாவை அவர் மனைவி வாங்கித் திருப்பினார். அரக்கும் பச்சையும் சேரும் இடத்தில் இழைகள் ஒன்றையொன்று கோர்த்துக்கொண்டு ஏறின. சேலையைப் பிடித்து இழுத்தால் உடல் கிழிந்தாலும் கரை பிரியாது என்று சொல்லித் தன் விரலாலேயே அந்த மடிப்பை அழுத்திக் காட்டினார்.

அரை மணி கழித்து, பதிவகத்திலிருந்து எடுத்த வரையறையைத் தமிழில் மெதுவாகப் படித்தோம். எங்கே சரி, எங்கே நடைமுறை வேறு என்று சொல்லுங்கள் என்றோம். "எழுதியிருக்கறது சரிதாம்மா. ஆனா கோர்வைக்குக் கூட ஒரு கை வேணும். பையன் கம்பெனி வேலைக்குப் போயிட்டான். இவளுக்குத் தோள்ல வலி. இவ உட்கார முடியாத அன்னைக்குத் தறி சும்மா நிக்கும்" என்றார். குறியீடு காப்பாற்றும் நுட்பத்துக்குத் தேவைப்படும் அந்த இரண்டாவது கையைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது. மாணவியின் தீசிஸ் அன்றைக்குத்தான் பிறந்தது. ஆவணத்தைப் படித்துக் காட்டித் திருத்தச் சொல்வது, நான் பார்த்தவரை, எந்தக் கேள்வித்தாளையும்விட நன்றாக வேலை செய்கிறது.

களத்துக்குப் போவோர் கவனிக்க: ஒப்புதல் தாள் தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும், கையெழுத்துக்கு முன் நீங்களே படித்துக் காட்டுங்கள். பாவு (தறியின் நெடுக்கு நூல்) பிணைக்கும் நாளில் போகாதீர்கள். அவர்களுக்கு ஒரு மணி நேரம் என்பது கூலி. புதிய வடிவமைப்போ நுட்பமோ கண்ணில் பட்டால் அனுமதி இல்லாமல் படம் எடுக்கவே கூடாது. நீங்கள் வெளியிடும் படமே அதை ஊருக்குக் கொடுத்துவிடும். பாரம்பரிய அறிவை ஆய்வு செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மஞ்சளால் காயம் ஆற்றும் அமெரிக்கக் காப்புரிமை 1997இல் ரத்தானதற்கு, நம் அரசு ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எடுத்துக் காட்டிய பழைய அச்சு ஆதாரங்கள் உதவின. எழுதி வெளியிட்டது அங்கே காப்பாற்றியது. இன்னும் வெளியே வராத ஒரு வைத்திய முறையை நீங்கள் எழுதி வெளியிட்டால், சொன்னவருக்கு அதன் மேல் இருந்த பிடி போய்விடலாம். எதை எழுதுவது என்பதை அவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

எழுதும்போது

என் சித்தப்பா நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு இமாடினிபின் ஜெனரிக் (வேறு நிறுவனங்கள் மலிவாகத் தயாரிக்கும்) மருந்தைப் பல வருடம் சாப்பிட்டார். தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை. அதன் பலத்தில் பேத்தி கல்யாணம் வரை இருந்தார். 3(டி) பற்றி நான் எழுதும் எதற்கும் அவர் முகம் பின்னால் இருக்கிறது. அதை என் தீசிஸ் முன்னுரையிலேயே எழுதினேன். உங்களுக்கு யார் உதவித்தொகை கொடுத்தார்கள், எந்தச் சட்ட நிறுவனத்தில் பயிற்சி எடுத்தீர்கள், யார்மேல் பாசம், எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு எதிர்ப்பக்க வாதத்தை, அவர்களுடைய வக்கீல் படித்தால் 'சரியாகச் சொல்லியிருக்கிறார்' என்று தலையாட்டும் அளவுக்கு வலுவாக எழுதுங்கள். பல நாடுகளில் இந்தப் படிக வடிவத்துக்குக் காப்புரிமை கிடைத்தது, நிறுவனம் இங்கே நிறைய நோயாளிகளுக்கு இலவசமாக மருந்து கொடுத்துவந்தது என்பதை எல்லாம் மறைக்காமல் வையுங்கள். உங்கள் வாதம் அதற்குப் பிறகும் நிற்க வேண்டும்.

தீசிஸ், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா தளத்தில் ஏறும். யார் வேண்டுமானாலும் படிப்பார்கள். ஏற்றுவதற்கு முன் நேர்காணல் கொடுத்தவர்களின் பெயர், தெரு, சங்கத்தின் பெயர் எல்லாம் நீங்கியிருக்கிறதா என்று பின்னிணைப்பு வரை தேடிப் பாருங்கள். கூடவே முடிவுகளை இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி, பேசியவர்களுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். என் மாணவி கொண்டுபோனாள். காஞ்சிபுரத்துக்காரர் வாசலில் நின்றே இரண்டு பக்கத்தையும் படித்தார். 'உதவியாளர்' என்று அவள் எழுதியிருந்த இடத்தில் பேனாவை வாங்கி அடித்துவிட்டு, தன் மனைவியின் பெயரை எழுதினார். பெயர் போடக்கூடாது என்று ஒப்புதல் தாளில் இருப்பதை அவள் விளக்கினாள். சரி, அப்படியானால் 'கூட நெய்பவர்' என்று போடு என்றார். தீசிஸில் இப்போது அப்படித்தான் இருக்கிறது.